கரண்ட் திரும்பும் வழி

காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, அந்தக் கார் ஒட்டுமொத்தமாகக் கண்ணடித்தது.

அடித்திருக்கக் கூடாது. மருமகள் போட்டது இடதுபக்க இண்டிகேட்டரை மட்டும்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டே இரண்டு விளக்குகள் விட்டுவிட்டு எரிய வேண்டும். ஆனால் ஹெட்லைட், பின்விளக்கு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கடுகளவு பல்பு என்று எரிந்துகொண்டிருந்த அத்தனையும் சேர்ந்து மங்கின, தெளிந்தன, மறுபடி மங்கின. குடும்பமே கூடிநின்று சைட் அடிப்பது மாதிரி இருந்தது.

ஹாரனை அழுத்திப் பார்த்தாள். சளிபிடித்த தவளை போல ஒரு முனகல். அந்த முனகலுக்கே ஹெட்லைட் இரண்டும் படுத்துக்கொண்டன. வைப்பரைப் போட்டாள். அது பாதிக் கண்ணாடி வரைக்கும் ஏறிவந்து, இதற்குமேல் நம்மால் ஆகாது என்பதுபோல் நின்றுவிட்டது.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்பதரைக்குப் பரிசோதனை. பழைய கார் சங்கத்துக்காரர்கள் மைதானத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு, ஹாரன், பிரேக், வைப்பர் எல்லாம் சரியாக இருந்தால்தான் பத்து மணி ஊர்வலத்தில் வண்டிக்கு இடம். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் ஓரமாக நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வண்டி பல் டாக்டருடையது. அறுபத்தைந்து வயது வண்டி. அவரிடம் வரும்போது கோழிகள் குடியிருந்த கூடு. பதினோரு மாதமாக இந்த ஒர்க்‌ஷாப்பில் போல்ட் போல்ட்டாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, ஒட்டி, தட்டி, மறுபிறவி எடுக்கவைத்திருந்தார்கள். என்ஜின் மாமனாருடையது. டிங்கர் வேலையும் பெயிண்டும் புருஷனுடையது. வயரிங் முழுக்க அவளுடையது. அவள் தனியாகச் செய்த முதல் வண்டி.

ஆறு வருடமாக அவள் அந்த ஒர்க்‌ஷாப்பில் போன் எடுப்பதும், உலகத்தின் எந்த மூலையிலோ கிடக்கும் உதிரிப்பாகத்தைத் தேடிப்பிடித்து வரவழைப்பதுமாக இருந்தவள். வருகிற வாடிக்கையாளர்களுக்குக்கூட அவள் மருமகள்தான். “மருமக இருக்காங்களா?” என்றுதான் போனிலேயே கேட்பார்கள். வேலையில்லாத மத்தியானங்களில் வயரிங் மேஜையில் உட்கார்ந்து தானாகக் கற்றுக்கொண்டாள். பழைய வண்டிகளின் வயரிங் படங்களை விரித்துவைத்து, சாப்பிடும்போதுகூட விரலால் கோடு பிடித்துப்போவாள். போன வருடம், அதுவரை அங்கே வயரிங் பார்த்துவந்த மாமனாரின் தம்பி, சின்ன மாமனார், பக்கத்துத் தெருவில் சொந்தமாகக் கடை போட்டுக்கொண்டு போனபோது, அந்த மேஜையைத் தனக்குக் கொடுக்கச்சொல்லி மாமனாரிடம் கேட்டாள். அவர் அரை நாள் யோசித்தார். அவருக்கு அது மிக அதிகம். பிறகு, இந்த ஒரு வண்டியைச் செய், பரிசோதனையில் பாஸானால் மேஜை உன்னுடையது, இல்லாவிட்டால் தம்பியையே மறுபடி வரச்சொல்லிவிடுவேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்தத் தம்பி இப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். சும்மா இந்தப் பக்கமாக வந்தாராம். கையில் வயர் வெட்டும் கட்டரோடு சும்மா வருகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

சின்ன மாமனார் முப்பது வருட எலெக்ட்ரீஷியன். கைராசிக்காரர் என்று பெயர். எல்லா வயரும் சிவப்பிலேயே போடுவார், எது எங்கே போகிறது என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். வண்டியின் கூட்டுக் கண்ணடிப்பை ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

“அப்பவே சொன்னேன். கலர் கலரா வயர் வாங்கி, துணி சுத்தி, ஜடை பின்னுற மாதிரி பின்னினா கரண்ட் ஓடுமாம்மா? உள்ளே எதையோ எதுலயோ மாத்திக் கொடுத்திருக்கே.”

“இல்ல சின்ன மாமா. பெயிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி, வெறும் தகரமா இருந்தப்பவே ஒருதடவை எல்லாத்தையும் மாட்டி எரியவச்சுப் பார்த்தேன். ஒண்ணுவிடாம எரிஞ்சுது. மாமாவும் பார்த்தாங்க.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார் சின்ன மாமனார், யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல்.

மாமனார் பார்த்தது உண்மை. அதை அவர் ஒப்புக்கொண்டு தலையாட்டவும் செய்தார். ஆனால் அன்றைக்கு எரிந்தது இன்றைக்கு எரியவில்லையே. அவருடைய என்ஜினோ முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டு, வயிறு நிறைந்த பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அதனால் அவர் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது. பேட்டரியாக இருக்குமோ என்றார். வேறொரு வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி மாற்றினார்கள். அதே முனகல், அதே கண்ணடிப்பு.

புருஷன் இது எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவனுக்கு ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி என்று பெயர். அவன் பெயிண்ட் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலைவாரலாம். வாரியவர்களும் உண்டு. சிறந்த பெயிண்டுக்கு மைதானத்தில் தனிப் பரிசு இருந்தது. அதற்காக அவன் நாலு நாளாக யாரையும் வண்டிக்குக் கிட்டேயே விடவில்லை. புதுப் பெயிண்டில் மூச்சுக்காற்று பட்டால்கூடக் கறை விழும் என்பது அவன் கட்சி. பாடியை மாட்டியதும், அதில் உள்ள போல்ட்டுகளை முடுக்கியதும்கூட அவன்தான். இப்போது மென்மையான துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டே, ஓரக்கண்ணால் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவன் துடைக்கும் வேகம் கூடியது.

எட்டேகால்.

அவள் தரையில் மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வயரிங் படத்தை மனசுக்குள் ஓட்டினாள். பச்சை பச்சையோடு. நீலம் நீலத்தோடு. கறுப்பு எல்லாம் பாடியில். ஒவ்வொரு முனையாகத் தொட்டு, இழுத்து, அசைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தவறு இல்லை. தவறு இருந்திருந்தால் தேவலை. திருத்திவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் எதைத் திருத்துவது?

எட்டரைக்கு டாக்டர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி, ஊர்வலத்தில் கையசைப்பதற்கென்றே தயாராக வந்த கை. விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினார். நோயாளிகளிடம் பழகிய மனுஷன், கத்தவில்லை. வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். நின்றால் பதற்றம் கூடுகிறதாம்.

சின்ன மாமனார் அண்ணனிடம் போய்த் தன் யோசனையைச் சொன்னார். வயர்க்கட்டின் மேலே சுற்றியிருக்கும் துணியைக் கிழித்து, நாலு வயரை வெட்டி, ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் நேராகச் சிவப்பு வயர் ஓட்டிவிட வேண்டியது. இருபது நிமிஷ வேலை. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எரியும்.

அந்தத் துணியை அவள் மூன்று வாரம் சுற்றியிருந்தாள். அந்தக் காலத்து வண்டியில் இருந்தது போலவே, அங்குலம் அங்குலமாக, மெழுகு தடவிய நூலால்.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். “எட்டே முக்கால் வரைக்கும் பாரும்மா. அப்புறம் தம்பி கை வைக்கட்டும்,” என்றார்.

கட்டர் ஒருமுறை ‘டக்’ என்று வாயைத் திறந்து மூடியது. சும்மாதான்.

அப்போது வண்டிக்குள்ளிருந்து டாக்டரின் தலை வெளியே நீண்டது. “வலி எங்கேன்னு தெரியாம நான் பல்லைப் பிடுங்க மாட்டேங்க. நீங்க என்னடான்னா எடுத்த எடுப்பிலேயே கத்தரியோட நிக்கிறீங்க.”

யாரோ சிரித்தார்கள். சின்ன மாமனார் சிரிக்கவில்லை. பல்லுக்கும் காருக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் விளக்க ஆரம்பித்தார். டாக்டர் கேட்டுக்கொண்டே, கை சும்மா இருக்கமாட்டாமல், டேஷ்போர்டில் இருந்த ஒவ்வொரு குமிழாகத் தொட்டுக்கொண்டிருந்தார். லைட் எல்லாம் எரிந்தபடியேதான் இருந்தன. பதற்றத்தில் ஹாரனையும் விட்டுவிட்டு அமுக்கினார். திடீரென்று கையை உதறினார்.

“ஐயோ, இது என்ன இப்படிச் சுடுது?”

“என்ஜின் சூடு டாக்டர்,” என்றார் சின்ன மாமனார்.

மருமகள் தலையை வெளியே இழுத்தாள். டாக்டர் காட்டிய குமிழைத் தொட்டாள். உண்மையாகவே சுட்டது. அது சோக் குமிழ். குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப இழுத்துவிடுகிற வெறும் குமிழ். அதிலிருந்து ஒரு இரும்புக் கம்பி புறப்பட்டு என்ஜினின் கார்புரேட்டருக்குப் போகிறது. அதில் வயரே கிடையாது. கரண்ட் என்ற பேச்சே அதற்குள் இல்லை. என்ஜினை அணைத்துவிட்டு ஸ்பீடாமீட்டரைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. ஸ்டியரிங் தண்டு, ஜில். சோக் மட்டும் கொதிக்கிறது.

கரண்ட் அந்த வழியாகப் போகிறது.

போகிறது இல்லை. திரும்பி வருகிறது.

சட்டென்று எழுந்து நின்றாள்.

காரில் பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகத்தான் வயர். வேலையை முடித்த கரண்ட் திரும்பிவர வண்டியின் இரும்புதான் வழி. ஆனால் இந்த வண்டியில் பாடி, கீழே இருக்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது, குலுங்காமல் இருப்பதற்காக. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் பாடியையும் சேஸிஸையும் இணைக்க ஒரே ஒரு இடத்தில், செம்பில் பின்னிய ஒரு பட்டை. அந்தப் பட்டைக்கு ஏதோ ஆகிவிட்டது. வழி அடைபட்ட கரண்ட் சந்துபொந்தெல்லாம் தேடி, கடைசியில் இந்த ஒல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ஜினுக்குள் இறங்கி வீடு போய்ச் சேருகிறது. ஒற்றையடிப்பாதையில் ஒரு ஊரே திரும்பினால்? விளக்கு மங்கத்தான் செய்யும். ஹாரன் முனகத்தான் செய்யும்.

மேஜைக்கு ஓடி ஒரு நீள வயரை எடுத்துவந்தாள். ஒரு முனையைச் சேஸிஸில் கவ்வவைத்தாள். மறுமுனையை, பெயிண்ட் படாத கதவுக் கீல் திருகில் வைத்து அழுத்தினாள்.

இரண்டு ஹெட்லைட்டும் பளீரென்று வெடித்துக்கொண்டு வந்தன. நேர் எதிரில் நின்ற சின்ன மாமனார் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். டாக்டர் ஹாரனை அமுக்கினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“வயரிங் சரியாத்தான் இருக்கு மாமா,” என்றாள்.

மாமனார் தம்பியின் கையிலிருந்த கட்டரை மெதுவாக வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்படியானால் பட்டைக்கு என்ன வந்தது? அவள் பானெட்டைத் தூக்கினாள். என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் நிற்கும் தகரச் சுவர் கண்ணைப் பறித்தது. அவள் புருஷன் கண்ணாடி அந்த மறைவான சுவரைக்கூட விடவில்லை. கருநீலத்தில் அப்படி ஒரு பளபளப்பு. நட்டநடுவில் செம்புப் பட்டை ஒழுங்காக மாட்டியிருந்தது. போல்ட் இறுக்கமாகவே இருந்தது. குனிந்து பார்த்தாள். பட்டைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று எட்டிப்பார்த்தது.

நகத்தால் கீறினாள். ரப்பர்.

நிமிராமலே, தாழ்ந்த குரலில், “என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க,” என்றாள்.

கண்ணாடி துணியோடு வந்தான்.

“இந்த இடத்துல நான் ஒரு டேப் ஒட்டியிருந்தேன்ல?”

“ஆமா,” என்றான் அவன், முகம் மலர்ந்து. இன்று காலையிலிருந்து யாராவது இதைக் கவனிக்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் போல. “காசு அகலத்துக்கு ஒட்டியிருந்தே. அப்படியே அடிச்சா அந்த இடம் மட்டும் சொட்டையா நிக்கும்ல. உன்னோட முதல் வண்டி. நடுவர் பானெட்டைத் திறந்தா முதல்ல உன் வேலைதான் தெரியும். அதுக்குப் பக்கத்துல ஒரு சொட்டையான்னு எடுத்துட்டு மூணு கோட் அடிச்சேன். போல்ட்டுக்கும் அடிச்சேன், அந்த ஓட்டையையும் விடல. அப்புறம் பட்டை உரசி பெயிண்ட் போயிடக்கூடாதுன்னு சைக்கிள் டியூபை வெட்டி ரெண்டு பக்கமும் வாஷர் போட்டேன். யாருமே சொல்ல மாட்டாங்க அது டியூப்னு.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டன.

மூன்று கோட் பெயிண்ட், இரண்டு ரப்பர் வாஷர். கரண்டை அடைக்கவேண்டும் என்று ஒரு எதிரி திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. பதினைந்து வருடமாக வண்டிக்குள்ளேயே புழங்குகிறவன், பெயிண்ட் மனசுக்குள் வந்துவிட்டால் மற்றது எல்லாம் மறந்துபோகிற சாதி. அவளுக்காகச் செய்திருக்கிறான். கோபப்படலாம் என்றாலும் எங்கே பிடித்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

“அதுதாங்க எர்த்து,” என்றாள் மெல்ல. “அங்க தகரம் தகரத்தைத் தொடணும்.”

கண்ணாடியின் கையிலிருந்த துணி நின்றது.

மாமனார் அருகில் வந்துவிட்டிருந்தார். பின்னாலேயே சின்ன மாமனார். என்ன விஷயம் என்று மாமனார் கேட்டார். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு இருந்த ஒரே கர்வம் அந்தப் பெயிண்ட்தான். சித்தப்பாவுக்கு முன்னால் அதை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பட்டை சரியாக உட்காரவில்லை, நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான், அந்த ஒரு வாக்கியத்தில் மேஜையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது.

“பாத்தியா அண்ணே? வெறும் எர்த்து. முதல்ல பாக்கவேண்டியதைக் கடைசியில பாத்திருக்கா,” என்றார் சின்ன மாமனார்.

“அவ பொய் சொல்றாப்பா,” என்றான் கண்ணாடி.

எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் வண்டிக்குள்ளேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அவ டேப் ஒட்டித்தான் விட்டிருந்தா. நான்தான் பிச்செடுத்துட்டு மேல பெயிண்ட் அடிச்சேன். போதாததுக்கு ரப்பரும் வச்சேன். பட்டையை மாட்டினதும் நான்தான். அவளைக் கிட்டவே விடல.” நிறுத்தினான். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, “சோக் சுடுதுன்னதும் என்ஜின் சூடுன்னு சொன்னது யாருன்னும் ஞாபகம் இருக்கட்டும்,” என்று சேர்த்தான்.

சின்ன மாமனார் கூரையைப் பார்த்தார்.

“நானும் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும் மாமா,” என்றாள் மருமகள். “ஒரே வீட்டுல இருக்கோம், ஒரே தட்டுல சாப்பிடாத குறைதான். ஒரு டேப்பை ஒட்டிட்டு, சொல்லிட்டதா நினைச்சுக்கிட்டேன்.”

மாமனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டே முக்கால் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. இப்போது அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். பளிங்கு மாதிரி நிற்கிற சுவரின் நட்டநடுவில், நடுவர் கண்ணுக்கு நேராக. அவள் உப்புத்தாளை எடுத்துவந்துவிட்டாள். ஆனால் கை போகவில்லை.

“கொடு,” என்று கண்ணாடி வாங்கிக்கொண்டான்.

போல்ட்டைக் கழற்றினான். டியூப் வாஷர்களைப் பிடுங்கிச் சட்டைப்பையில் ஒளித்தான். உப்புத்தாளைச் சுட்டுவிரலில் சுற்றி, சுவரில் வைத்து அழுத்தித் தேய்த்தான். கருநீலம் உதிர்ந்தது, அதன் கீழே சாம்பல் நிறம், அதன் கீழே செம்மண் நிறம், கடைசியில் வெள்ளித் தகரம். தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறவனின் முகம் அவனுக்கு. டாக்டருக்கே பார்க்கப் பொறுக்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

“இப்போ?”

“ஓட்டைக்குள்ளயும்.”

“கொல்றே,” என்றான். ஆனாலும் தேய்த்தான்.

பட்டையை அவள் மாட்டினாள். போல்ட்டை அவன் முடுக்கினான். டாக்டர் சுவிட்சைப் போட்டார். இடது இண்டிகேட்டர் போட்டால் இடது மட்டும். வலது போட்டால் வலது மட்டும். வைப்பர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி வந்தது. சோக் குமிழை மாமனார் தானே உள்ளே கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்ததில் அவருக்கு ஏற்பட்ட திருப்தியை ஒரு சின்ன இருமலாக வெளியிட்டார்.

ஒன்பது இருபத்தாறுக்கு மைதானத்தில் நின்றார்கள். பரிசோதனைக்காரர் அட்டையும் பேனாவுமாக வந்து ஒவ்வொன்றாகப் போடச்சொன்னார். ஆறு தடவை தலையாட்டினார், ஆறு தடவை டிக் அடித்தார். பிறகு பானெட்டுக்குள் எட்டிப்பார்த்த பெயிண்ட் நடுவரின் கண் நேராகப் போய் விழுந்தது அந்த வெள்ளி வட்டத்தில். இங்கே மட்டும் ஏன் பெயிண்ட் போயிருக்கிறது என்று கேட்டார்.

“போகல. அங்க இருக்கக்கூடாது,” என்றான் கண்ணாடி.

நடுவருக்கு அந்தப் பதில் முழுதாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது. பெயிண்டுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு பெற்ற வண்டியைச் சுற்றி மூன்று தடவை நடந்து, அதன் டிக்கி ஓரத்தில் ஒரு தூசி இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகுதான் கண்ணாடி ஆறுதலடைந்தான். டாக்டர் ஊர்வலம் முழுக்க ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தெருவில் எவருக்கும் அவர் கையசைத்ததாகவே தெரியவில்லை.

திரும்பும்போது மாமனார் மருமகளிடம், மேஜை இழுப்பறையில் தம்பியுடைய பழைய சாமான்கள் கிடக்கின்றன, காலி செய்துகொள் என்றார். அவ்வளவுதான். அவள் சரி மாமா என்றாள். பிறகு துணிந்து, ஒரு நிபந்தனை உண்டு என்றாள். நிபந்தனை போடுவது இவளா என்பதுபோல் பார்த்தார்.

“இனிமே எந்த வண்டியும் பெயிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி, நானும் அவரும் அதுக்கு முன்னால நின்னு பத்து நிமிஷம் வாயால பேசணும். டேப்பெல்லாம் அப்புறம்.”

“பத்து நிமிஷம் போதுமா உங்களுக்கு?” என்றார் மாமனார். அந்த வருடத்தில் அவர் அடித்த முதல் ஜோக் அது.

போதவில்லை. திங்கட்கிழமை காலை, தோல் உரித்த ஒரு பழைய ஜீப் பெயிண்ட் அறை வாசலில் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். அவள் ஒன்பது இடங்களில் பெயிண்ட் படக்கூடாது என்றாள். அவன் நான்குக்கு மேல் ஒரு காசு அகலம்கூடத் தரமுடியாது என்றான். அவள் வயரிங் படத்தை விரித்தாள். அவன் டார்ச் அடித்துத் தகரத்தைக் காட்டினான். பேரம் ஏழில் வந்து நின்றபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. ஏழாவது இடத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் வைப்பதா, அடியில் வைப்பதா என்பதில் மறுபடி தகராறு ஆரம்பித்தது.

உள்ளேயிருந்து மாமனார் ஸ்பானரால் பெஞ்சைத் தட்டினார்.

“ஜீப்புக்கு உடம்பு கூசுது. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க ரெண்டு பேரும்.”

“அடியிலதான்பா,” என்றான் கண்ணாடி.

“முன்னாலதான் மாமா,” என்றாள் அவள், அதே மூச்சில்.